கண்ணாடியில் ஒட்டிய ஈ

அந்த வீடியோ கேசட் கிடைத்துவிட்டது என்று போன வாரம் நம் குழுவில் செய்தி போட்டிருந்தீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் சென்னையில் ஒரு கடையில் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார்களாம். கார்ட்டூனையும் மனிதரையும் கலந்து நாற்பது வருஷத்துக்கு முன்பே படம் எடுத்த வகுப்பு நம்முடையது, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். ஒருவர் ஈயின் படத்தைப் போட்டு, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு தடவை. அருவருப்பாக இருந்தது. அந்தப் படத்தின் மேல், அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

அதைக் குழுவில் போட வேண்டாம் என்று ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான். எடுத்தபோது கூட இருந்தவர்கள் குறைவு. அதில் கேமராவைப் பிடித்த என் தோழி இப்போது இல்லை. அதனால் நான்தான் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். மழைக்காலம் முடிந்து ஏரித்தண்ணீர் இறங்கி, கரைச்சேறு வெயிலில் வெடிக்க ஆரம்பிக்கும் சமயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செத்த பாசியும் சேறும் சேர்ந்த அந்த வாடை, துவைத்த துணியில்கூட ஏறிக்கொள்ளும். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கை சோற்றுக்கு, ஒரு கை ஈ ஓட்டுவதற்கு. அந்த வருஷம் எங்கள் கோட்டைக்குப்பத்தில் வாந்திபேதி வந்தது. எங்கள் வரிசையில் மட்டும் நாலு வீட்டில் ஆட்களைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தையையும் கொண்டுபோனார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் கையில் குழந்தையின் பால்புட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள்.

மீனால்தான் வந்தது, ஈயால்தான் வந்தது, குப்பத்து ஜனங்களின் அழுக்கால்தான் வந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குப்பத்துக்காரர்களான நாங்களே அதை நம்பினோம்.

அந்த நாட்களில் ஒருநாள் மதியம் நானும் என் தோழியும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், பள்ளிக்கும் குப்பத்துக்கும் தண்ணீர் தரும் டேங்க் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவள் பழவேற்காட்டு ஊருக்குள் இருந்த முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் உம்மா கொடுத்தனுப்பும் தேங்காய்ப்பால் சோற்றில் பாதி எனக்கு, என் வீட்டு மீன் வறுவலில் பாதி அவளுக்கு. நம் சயின்ஸ் சார் இரும்பு ஏணியில் ஏறி, டேங்கின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார். இறங்கியவர் சுவரோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஹெட்மாஸ்டரும், டேங்க் கட்டிய பஞ்சாயத்துக்காரரும் வந்தார்கள். பஞ்சாயத்துக்காரர் சார் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினார்.

"புது டேங்க் சார் அது. கட்டி முழுசா ரெண்டு வருசம் ஆவல. நீ பாட்டுக்கு வாயத் தொறந்து இன்னாவாது சொல்லி வெக்காத. வேலை பர்மனென்ட் ஆவணுமா வேணாமா?"

சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். நாங்கள் மீன் முள்ளைக் காக்கைக்கு எறிந்துவிட்டு, அதே டேங்க் குழாயில் கை கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனோம்.

அடுத்த வாரம்தான் படம் எடுக்கப்போவதாகச் சார் சொன்னார். சுகாதாரப் பிரசாரத்துக்குப் பள்ளிக்கூடங்கள் ஏதாவது செய்து காட்ட வேண்டும், நன்றாகச் செய்தால் பரிசு என்று மேலேயிருந்து கடிதம் வந்திருந்தது.

"பிரசங்கம் பண்ணா எவனும் கேக்கமாட்டான். சிரிக்கவெச்சா கேப்பான்," என்றார். "நம்ம ஹீரோ ஒரு ஈ. ஈயை வரையணும், மனுஷங்களோட சேத்து நடிக்கவைக்கணும்."

என் தோழியின் மாமா துபாயிலிருந்து வீடியோ கேமரா கொண்டுவந்திருந்தார். தோளில் தொங்கும் பெட்டி ஒன்று, அதிலிருந்து ஒயர் போய்ச் சேரும் கேமரா ஒன்று. ஊரில் அது நுழைந்தபோது மசூதித் தெருவில் பாதி ஜனம் பின்னாலேயே போனது. மாமாவுக்குத் தன் அக்கா மகள் என்றால் உயிர். கல்யாணம் எடுக்கிற கருவியை எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேப்பமர நிழலில் சிகரெட்டுடன் உட்கார்ந்துகொள்வார். நான் வரைவேன் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அதில் மாட்டினோம். மாட்டினோம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லேபிலிருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஈயைப் பார்த்து வரையச் சொன்னார் சார். மீன் குடலைக் கொட்டுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன். காலில் மயிர். கண்ணில் சல்லடை. உட்கார்ந்த இடத்தில் முதலில் எச்சிலை இறக்கி, அதில் ஊறவைத்து, பிறகு உறிஞ்சுகிறது. எழுந்திருக்கும்போது தலை சுற்றியது. ஆனால் காகிதத்தில் வந்தபோது அது அழகாக வந்தது. மீசை வைத்த அப்பா ஈ, மூக்குத்தி போட்ட அம்மா ஈ, புத்தகப்பை மாட்டிய குட்டி ஈக்கள். நாற்பது அட்டைகளுக்குமேல் வரைந்தேன். ஒவ்வொரு அட்டையையும் கேமரா முன்னால் வைத்து, தோழி பொத்தானை அழுத்தி, உடனே மறுபடி அழுத்தி நிறுத்துவாள். கண் இமைக்கிற நேரம்தான் பதிவாகும். வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஈ விட்டுவிட்டுத் துள்ளும். முதல்தடவை டிவியில் அது சிறகடித்தபோது நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு மனிதர் வேண்டும். சார் மீன்காரி ஒருத்தி வேண்டும் என்றார். நான்தான் என் சித்தியைச் சொன்னேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் நைனா கொண்டுவரும் மீனை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுத் தெருக்களிலும், பிறகு பஸ் ஏறிப் பொன்னேரி குவார்ட்டர்ஸ் பக்கமும் விற்பாள். அவளைப்போல் சுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. அலுமினிய அன்னக்கூடையை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து முகம் தெரியும்படி வைத்திருப்பாள். மீன்மேல் எப்போதும் ஈரவெள்ளைத்துணி. விற்று முடிந்து வந்தால் குளித்து, சாம்பிராணிப் புகையில் தலை காட்டாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

"நடிக்கறதா? நானா?" என்று சிரித்தாள். "இன்னா கதடி?"

"ஒரு ஈ உன்னத் தொந்தரவு பண்ணிகினே இருக்கும் சித்தி. கடைசில நீ அத அடிச்சு ஜெயிச்சுருவ. நீதான் கதாநாயகி."

பொய் சொல்லவில்லை. சார் அப்படித்தான் சொல்லியிருந்தார். முதல் பாதியில் ஈ ஜெயிக்கும், இரண்டாம் பாதியில் மீன்காரி துணியால் கூடையை மூடி, ஈயைத் துரத்துவாள். செத்து மல்லாந்த ஈக்களைக்கூட நான் வரைந்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை சித்தி மாம்பழக் கலர் நைலக்ஸ் புடவையில், கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, கல்யாணத்துக்குப் போற மாதிரி? மீன்காரி மாதிரி இருக்கணும்."

"நான் மீன்காரிதானே சார்," என்றாள் சித்தி.

சார் தலையைக் கொஞ்சம் கலைக்கச் சொன்னார், பூவை எடுக்கச் சொன்னார். பழைய புடவை எடுத்துவர என்னை வீட்டுக்கு ஓடவைத்தார். முகத்தில் கொஞ்சம் கரி பூசலாம் என்றபோது மட்டும் சித்தி, "அது வேணாம் சார்," என்று சொல்லிவிட்டாள்.

ஈயையும் ஆளையும் ஒரே படத்தில் கொண்டுவர மாமா ஒரு வழி சொல்லியிருந்தார். தோழி வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடியை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நிறுத்துவது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சித்தி அசையாமல் உட்காரவேண்டும். இந்தப்பக்கம் நான் உள்ளங்கை அகலக் காகித ஈயைச் சோற்றுப்பசையால் ஒட்டவேண்டும். தோழி பொத்தானை அழுத்துவாள். நான் ஈயை ஒரு விரற்கடை நகர்த்துவேன். மறுபடி அழுத்துவாள். சித்தி ஒரு தடவை இருமினால் எல்லாம் கெட்டுப்போகும். வெயிலில் அவள் அப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைக்கக்கூட என்னைப் பார்த்துக் கண்ணால் அனுமதி கேட்டாள்.

முதல்நாள் ஒரு சிக்கல். சாருக்கு நிஜ ஈயும் கூடையில் மொய்க்கவேண்டும். சித்தி கொண்டுவந்த மடவை மீன் கண் பளபளவென்று இருந்தது. துணியை எடுத்தபிறகும் ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை. வந்த ஈயெல்லாம் என் சோற்றுப்பசையில்தான் உட்கார்ந்தது. தோழி அதைக் காட்டிச் சிரித்தாள். சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு அழுகின மீன் வேணும்," என்று என்னிடம் சொன்னார். "உனக்குத்தான் இடம் தெரியுமே."

தெரியும். வலை உதறும் இடத்தில் ஒதுக்கிப்போட்ட பொடிமீன்களை ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பொறுக்கி, லேபுக்குப் பின்னால் வெயிலில் வைத்தேன். மறுநாள் மூடியைத் திறந்தபோது அது மீனாக இல்லை. சாம்பல்நிறக் கூழாக, உள்ளே அரிசி அரிசியாக எதுவோ நெளிந்தது. அந்த டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் நடந்தேன்.

சித்தி அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எங்கூடையிலயா இத்தக் கொட்டப்போற? எம்மீன ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லக்கூடாதுனு நான் எவ்ளோ பாடுபடறேன், உனக்குத் தெரியாதா?"

"நடிப்புதாம்மா," என்றார் சார், மூக்கில் கைக்குட்டையுடன்.

சித்தி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒரே ஒரு தபா சித்தி. அப்பறம் நானே தேச்சுக் கழுவித் தரேன்."

"உங்கோசரம்தான்," என்று உட்கார்ந்தாள். டின்னைக் கவிழ்த்தேன். ஐந்து நிமிஷத்தில் கூடை கறுத்துவிட்டது. நிஜ ஈக்களும் என் காகித ஈக்களும் எது எதுவென்று தெரியாமல் கலந்தன. சார் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று சார் யோசித்துக்கொண்டிருந்தார். ஈ தலையில் ஆடிவிட்டது, மூக்கில் சறுக்கிவிட்டது, அடுத்து என்ன? நீங்கள் எல்லாரும் இன்றைக்கும் அதைச் சாருடைய மூளை என்று பேசுகிறீர்கள். இல்லை. நான்தான் சொன்னேன்.

"சித்தி மீனேன்னு கூவறப்ப ஈ வாய்க்குள்ள பூந்துட்டா நல்லா இருக்கும் சார்."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். என் தலையைத் தட்டிக்கொடுத்து, "நீ பெரிய ஆளா வருவே," என்றார். அந்தத் தட்டலுக்காக நான் இன்னும் பத்து யோசனை சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் சித்தி வாயைத் திறந்தபடி உட்கார்ந்தாள். "மீனே" என்று தெருவில் கூவும்போது வாய் எப்படித் திறக்குமோ அப்படி. நான் ஈயைக் கண்ணாடியில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்தேன். வாய் ஓரத்தில் எச்சில் ஒழுகியது. "இன்னும் எவ்ளோ நேரண்டி?" என்று கண்ணாலேயே கேட்டாள். "ஆச்சு சித்தி, ஆச்சு." பக்கத்தில் நேற்றைய கூடை இன்னும் ஒருநாள் கூடுதலாக அழுகியிருந்தது. என் காகித ஈ அவள் உதட்டுக்கு வந்த நேரம், அந்தக் கூடையிலிருந்து எழுந்த ஒரு நிஜ ஈ நேராக அவள் வாய்க்குள் போனது.

சித்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு முன்பக்கம் சரிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த கஞ்சி எல்லாம் வந்தது. தோழி பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தி நிறுத்தப் பார்த்தாள்.

"நிறுத்தாதே. எடு, எடு," என்றார் சார்.

தோழி எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தபிறகு தோழி குழாயிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். சித்தி வாங்கி வாயில் வைக்கும்போது சார் அவசரமாக, "கொப்பளிச்சுத் துப்பிடும்மா, முழுங்காதே," என்றார். சொல்லிவிட்டுத் தன் தோளில் மாட்டியிருந்த பிளாஸ்க்கைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். மூன்று நாளும் அதைத்தான் குடித்தார். சித்தி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"மீதிய நாளைக்கு எடுக்கலாமா சார்? இன்னிக்கு ஒடம்பு முடியல," என்று கேட்டாள்.

"போதும்மா. இதுக்கு மேல என்ன வேணும்," என்றார்.

இரண்டாம் பாதி எடுக்கவே இல்லை. நான் வரைந்த செத்த ஈக்கள் லேப் அலமாரியில் கிடந்தன. அதைக் கேட்டதற்குச் சார், "முதல் பாதிதான் சிரிப்பா இருக்கு. மருந்து ஜாஸ்தியானா கசக்கும்," என்றார்.

படம் போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஹாலில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, மாமாவின் டிவியை மேஜைமேல் வைத்து, பகலிலேயே இருட்டாக்கியிருந்தோம். குப்பத்து ஜனம், பழவேற்காட்டு ஜனம், முன்வரிசையில் பரிசு கொடுக்க வந்த அதிகாரி. சித்தி மாம்பழக் கலர் புடவையில், கனகாம்பரத்துடன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஈக்குச் சாரே குரல் கொடுத்திருந்தார். சீப்பில் காகிதம் வைத்து ஊதி ரீங்காரம் போட்டது தோழி. அப்பா ஈ சாக்கடையில் பல் தேய்த்ததற்கு ஒரு சிரிப்பு, குட்டி ஈக்கள் சித்தியின் தலையில் சடுகுடு ஆடியதற்கு ஒரு சிரிப்பு. கூடையில் அழுகிய மீன் வந்தபோது "சீ" என்று ஹாலே ஒன்றாகச் சொன்னது. பொன்னேரியிலிருந்து வந்திருந்த இரண்டு டீச்சர்கள் திரும்பிச் சித்தியைப் பார்த்தார்கள். கடைசியில் ஈ வாய்க்குள் போய், சித்தி வாந்தி எடுத்தபோது, மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருட்டில் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நன்றாக வந்திருந்தது, அதனால் சிரித்தேன்.

சித்தி என் காதருகே குனிந்து கேட்டாள். "நான் அத்த அடிக்கறது எப்பதாண்டி வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் "சுத்தம் காப்போம்" என்று என் கையெழுத்தில் எழுத்து வந்தது. படம் முடிந்தது. சாக்குகளை எடுத்தார்கள். வெளிச்சத்தில் எல்லாரும் சித்தியைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ "ங்ங்ங்" என்று ரீங்காரம் போட்டார்கள்.

அதிகாரி கோப்பையைச் சாரிடம் கொடுத்தார். பிறகு சித்தியை மேடைக்குக் கூப்பிட்டு, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தார்.

"இனிமே மீனை மூடி வெச்சு வில்லும்மா. உங்க குப்பத்துக்கு நோயே வராது."

சித்தி வாளியை வாங்கிக்கொண்டாள். கும்பிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் மேடையைவிட்டு இறங்கி, பின்கதவு வழியாக வெளியே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அழவில்லை. டேங்க் குழாயடியில் வாளியை வைத்து, பாதிவரை தண்ணீர் பிடித்தாள். குழாயடியில் கிடந்த சொம்பை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து மேடையேறி, ஒரு சொம்பு மொண்டு சாரிடம் நீட்டினாள்.

"மூணு நாளு எங்கூட வெயில்ல கஷ்டப்பட்டீங்க. குடிங்க சார்."

"வேணாம்மா. இப்பதான் டீ குடிச்சேன்."

"ஒரு வாய் சார்."

"தாகமில்லம்மா, போ."

சித்தி சொம்பை அதிகாரியிடம் திருப்பினாள். "நீங்களாவது குடிங்கய்யா. தூரத்துல இருந்து வந்துகீறீங்க."

அதிகாரி சிரித்தபடி கையை நீட்டினார். சொம்பு உதட்டுக்குப் போகும்போது சார் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அதிகாரியின் சட்டையில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு வேணாம்?" என்று கேட்டாள் சித்தி. குரலை உயர்த்தவில்லை. "எங்க புள்ளைங்க டெய்லி குடிக்கிற தண்ணிதானே சார். அத்தக் குடிச்சுட்டுதானே இவ எனக்கு ஈ ஒட்டுனா."

முன்வரிசையில் பஞ்சாயத்துக்காரர் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். அவர் போனதைப் பார்த்துத்தான் ஜனத்துக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் இன்னும் நாலு பேரும் ஏணியில் ஏறினார்கள்.

அவர்கள் கயிற்றில் கட்டி இறக்கிய வாளியில் இருந்தது காக்கையா புறாவா என்று சொல்லமுடியவில்லை. றெக்கையும் கொழகொழவென்ற சதையுமாக இருந்தது. ஒன்றல்ல, பல. டேங்கின் அடியில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு. அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் அன்றைக்குக் குடித்த தண்ணீரையெல்லாம் நினைத்து நினைத்து வாந்தி எடுத்தேன்.

சார் அந்த மாதத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, நானும் முப்பது வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள்தான். தண்ணீரைப் பற்றிப் பேசப் பயந்தவர், பேசாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு ஈயைப் பிடித்து, அதை எங்கள் வீட்டுப் பெண்ணின் வாயில் போட்டுச் சிரித்தார். நான் பசை தடவிக் கொடுத்தேன். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

டேங்கைக் கழுவினார்கள், நோய் நின்றது. அதோடு சித்தியின் மேல் பட்டதும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. டேங்கின் கதையை யாரும் இரண்டாம் தடவை பேசவில்லை. படத்தின் கதையைத் தினமும் பேசினார்கள். கேசட் பொன்னேரிவரை போய் இரண்டு பள்ளிக்கூடத்தில் ஓடியது. சித்தி தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் "ங்ங்ங்" என்று பின்னால் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் உங்களில் சிலரும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். பத்து வருஷமாக அவளிடம் மட்டுமே வாங்கிய குவார்ட்டர்ஸ் அம்மா ஒருத்தி, "உன்ன ஒண்ணும் சொல்லல, ஆனா கண்ண மூடினா அந்தக் கூடைதான் வருது," என்று கதவைச் சாத்தினாளாம். எத்தனை தேய்த்தும் கூடையில் வாடை போகவில்லை என்று சித்தி சொன்னாள். நான் மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. கடைசியில் அதை ஏரியில் விட்டுவிட்டாள்.

கோடை விடுமுறையில், தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்து அனுப்பம்பட்டில் விற்கலாம் என்று கிளம்பினாள். கூட நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. புதுக்கூடை, புது வெள்ளைத்துணி. பொன்னேரியில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம். முதல் தெருவில் நுழைந்து பாதித்தூரம் போனபிறகுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது. சித்தி கூவவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நொடி நின்று, நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

"கூவு சித்தி. யாருக்குத் தெரியும் நாம வந்தது?"

அவள் நின்றாள். வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு பிரிந்தது. உடனே கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. கண்ணில் நீர் கட்டியது. தலையை ஆட்டினாள்.

நான் கூவினேன். "மீனே... மடவ, எறா..." என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. இரண்டாவது வீட்டில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து, தட்டோடு வெளியே வந்தாள். சித்தி கூடையை இறக்கி, துணியை விலக்கி, மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாகக் காட்டினாள். விலையை விரலால் காட்டினாள். அந்த அம்மாள் மீனைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"பாவம், இவங்களுக்குப் பொறவிலேர்ந்தே பேச வராதா?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. மீனைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அனுப்பம்பட்டில் அவள் இருபத்திரண்டு வருஷம் மீன் விற்றாள். அந்த ஊருக்கு அவள் கடைசிவரை ஊமைதான்.